இயற்பியலாளரின் வெளியீட்டுப் பட்டியலும் மேற்கோள் எண்ணிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இயற்பியலாளரின் பெயரைத் தேடினால், அவர் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கை, அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள், எச்-குறியீடு ஆகிய மூன்றும் சில நொடிகளில் திரைக்கு வந்துவிடுகின்றன. இந்த மூன்று எண்களை வைத்தே ஒருவருக்குப் பணி கிடைப்பதும் மறுக்கப்படுவதும் உண்டு. மாணவர்கள் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன, எந்த இடத்தில் நம்மைத் தவறாக வழிநடத்துகின்றன என்று மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

வெளியீட்டுப் பட்டியலில் எவையெல்லாம் சேரும்?

சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வைக் கடந்து ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகளே பட்டியலின் உயிர்நாடி. அவற்றுடன் மீளாய்வுக் கட்டுரைகள், மாநாட்டுத் தொகுப்புகளில் வந்தவை, நூல்கள், நூல்களில் எழுதிய இயல்கள், இன்னும் ஆய்விதழை எட்டாத முன்பதிப்புகள் ஆகியவையும் இடம்பெறும். இவற்றைத் தனித்தனித் தலைப்புகளின்கீழ் பிரித்து எழுதுவதே நேர்மையான முறை. கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரைக்கு உள்ள மதிப்பு இயற்பியலில் இல்லை. எனவே இரண்டையும் ஒன்றாகக் கலந்து "மொத்தம் இத்தனை வெளியீடுகள்" என்று எழுதினால் படிப்பவருக்கு அதனால் பயன் இல்லை.

மேற்கோள் என்பது உண்மையில் எதைக் குறிக்கிறது?

ஒரு கட்டுரையின் இறுதியில் உள்ள சான்றுப் பட்டியலில் இன்னொரு கட்டுரையின் பெயர் இருக்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. அதற்கு மேல் சொல்லப்படும் எல்லாம் நாம் ஊகித்துக்கொள்வது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மேற்கோள்களைத் திரட்டும் முறை ஆட்களை எடைபோடுவதற்காகப் பிறந்ததன்று. அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு பழைய தீர்ப்பு பிற்காலத் தீர்ப்புகளில் எங்கெல்லாம் எடுத்தாளப்பட்டது என்று அறிவதற்குப் பயன்படுத்திய பட்டியல் ஒன்றைக் கண்டு, அதே வழியில் அறிவியல் கருத்து ஒன்று பிற்காலத்தில் எங்கெல்லாம் சென்றது என்று தேடலாமே என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் எழுதினார். 1964-இல் அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வழித்தோன்றல். தேடுவதற்காகச் செய்த கருவி காலப்போக்கில் அளப்பதற்கான கருவியாக மாறியதுதான் இன்றைய சிக்கல்கள் பலவற்றுக்கும் தொடக்கம்.

ஓர் ஆய்வாளர் இன்னொருவரின் கட்டுரையைக் குறிப்பிடுவதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. அந்த முடிவின் மீது தன் வேலையைக் கட்டியெழுப்பியிருக்கலாம்; அதிலிருந்த ஒரு முறையை மட்டும் கையாண்டிருக்கலாம்; முன்னுரையில் "இத்துறையில் இவர்களும் உழைத்துள்ளனர்" என்று பத்துப் பேரோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்; அது தவறு என்று காட்டவும் குறிப்பிட்டிருக்கலாம். எண்ணும் இயந்திரத்துக்கு இவை அனைத்தும் ஒன்றே.

ஒரே ஆய்வாளருக்கு வெவ்வேறு தளங்கள் வெவ்வேறு எண்களைக் காட்டுவது ஏன்?

ஒவ்வொரு தளமும் வெவ்வேறு குவியலிலிருந்து எண்ணுகிறது. வெப் ஆஃப் சயின்ஸும் 2004-இல் தொடங்கிய ஸ்கோபஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையும் தொகுப்புகளையும் மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. அதே ஆண்டு வந்த கூகுள் ஸ்காலர் முன்பதிப்பு, ஆய்வேடு, அறிக்கை, விரிவுரைக் குறிப்பு என்று இணையத்தில் கிடைக்கும் கல்விசார் ஆவணங்கள் அனைத்தையும் வாரிக்கொள்வதால் அதன் எண் பெரும்பாலும் எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கும்.

இயற்பியலாளர்களுக்கு இவற்றைவிட நம்பத்தக்க இரண்டு தளங்கள் உள்ளன. துகள் இயற்பியலுக்கு இன்ஸ்பயர். இது ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தில் 1970-களில் வளர்ந்த ஸ்பயர்ஸ் தரவுத்தளத்தின் வாரிசு. வானியலுக்கும் வானியற்பியலுக்கும் நாசா நிதியளிக்கும் வானியற்பியல் தரவு அமைப்பு. துறை சார்ந்தவர்களே பராமரிப்பதால் இவற்றில் முன்பதிப்பும் பின்னர் ஆய்விதழில் வந்த வடிவமும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். மேற்கோள் இருமுறை எண்ணப்படுவது குறைவு. ஆனால் அந்தத் துறையின் எல்லைக்கு வெளியே கிடைத்த மேற்கோள்களை இவை தவறவிடும். எனவே எந்த எண்ணை எழுதினாலும் அது எந்தத் தளத்தில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இருவரை ஒப்பிடும்போது ஒரே தளத்தின் எண்களையே ஒப்பிட வேண்டும்.

எச்-குறியீடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

பேச்சில் ஹெச்-இன்டெக்ஸ் என்று வழங்கும் இந்த அளவீட்டை 2005-இல் முன்மொழிந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த இவர் செறிபொருள் இயற்பியலாளர். அதாவது, உலகெங்கும் எல்லாத் துறைகளையும் இன்று ஆளும் இந்த எண் இயற்பியலாளர் ஒருவர் இயற்பியலாளர்களை மனத்தில் வைத்து வகுத்தது.

ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்குங்கள். 90, 41, 22, 9, 6, 5, 2, 0 என்று எட்டுக் கட்டுரைகள் இருப்பதாகக் கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள்கள் உள்ளன. 6 என்பது 5-க்குக் குறையவில்லை. ஆறாவது கட்டுரைக்கு 5 மேற்கோள்களே உள்ளன. அது 6-ஐ எட்டவில்லை. எனவே அவருடைய எச்-குறியீடு 5. குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற ஐந்து கட்டுரைகள் அவரிடம் உள்ளன என்பது இதன் பொருள்.

இப்போது இன்னொருவரைப் பாருங்கள். அவரிடம் ஐந்தே கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் சரியாக ஐந்து மேற்கோள்கள். அவருடைய எச்-குறியீடும் 5-தான். முதலாமவரின் மொத்த மேற்கோள்கள் 175, இரண்டாமவருடையவை 25. தொண்ணூறு பேர் எடுத்தாண்ட கட்டுரையை எழுதியவருக்கும் மற்றவருக்கும் இந்த எண்ணில் வேறுபாடே தெரியவில்லை. ஹிர்ஷ் வேண்டுமென்றேதான் இப்படி அமைத்தார்: ஒரே ஒரு புகழ்பெற்ற கட்டுரையால் மட்டும் உயர்ந்துவிடாத, மேற்கோளே பெறாத கட்டுரைகளைக் குவிப்பதாலும் உயராத ஓர் எண் அவருக்குத் தேவைப்பட்டது. அந்த நோக்கம் நிறைவேறியது. ஆனால் அதற்கு விலையாக, அறிவியலில் மிக அரிதான நிகழ்வாகிய மாபெரும் தனிக்கட்டுரை இந்த அளவீட்டின் கண்ணுக்குத் தெரியாமல் போனது. இந்தக் குறையைச் சரிசெய்ய லியோ எகே 2006-இல் ஜி-குறியீட்டை முன்வைத்தார். அது மேலே உள்ள கட்டுரைகளின் மேற்கோள்களுக்குக் கூடுதல் எடை தருகிறது. அது சிறந்ததாயினும் பரவவில்லை. கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10 என்பது பத்து அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை மட்டுமே. நம் எடுத்துக்காட்டில் முதலாமவருக்கு அது 3.

எச்-குறியீடு எவ்வளவு இருந்தால் நல்லது?

ஹிர்ஷின் மூலக் கட்டுரையிலேயே சில எண்கள் உள்ளன. அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் இணைப்பேராசிரியராக நிலைபெற ஏறத்தாழ 12, முழுப் பேராசிரியராக ஏறத்தாழ 18, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக 45 அல்லது அதற்கு மேல் என்று அவர் கருதினார். அப்போது அவர் கணக்கிட்டவர்களில் உச்சத்தில் இருந்தவர் கோட்பாட்டு இயற்பியலாளர் எட்வர்டு விட்டன். அவருடைய எண் 110.

இந்த எண்களை இன்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியாகும் கட்டுரைகளும் ஒவ்வொரு கட்டுரையின் சான்றுப் பட்டியலும் அதன்பின் மிகவும் நீண்டுவிட்டன. தவிர, எச்-குறியீடு ஒருபோதும் குறையாது. ஓய்வுபெற்ற பிறகும், இறந்த பிறகும்கூட ஏறலாம். வயதைக் கணக்கில் கொள்ள, முதல் கட்டுரை வெளியானதிலிருந்து கடந்த ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும்படி ஹிர்ஷே சொன்னார். விடை 1-ஐ ஒட்டி இருந்தால் வெற்றிகரமான அறிவியலாளர், 2-ஐ ஒட்டி இருந்தால் சிறந்தவர் என்பது அவர் கணிப்பு. மகப்பேறு, நோய், ஆசிரியப் பணிச்சுமை, தொழில்துறையில் கழித்த ஆண்டுகள் ஆகியவை அந்த வகுத்தலில் தெரியாது. 2020-இல் ஹிர்ஷ் இன்னும் ஒரு படி மேலே சென்று, தாம் வகுத்த அளவீட்டுக்குத் தாம் எண்ணிப் பாராத கடுமையான தீய விளைவுகள் இருக்கக்கூடும் என்று வெளிப்படையாக எழுதினார். தாம் படைத்ததையே இப்படித் திருப்பிப் பார்க்கும் துணிவு பாராட்டத்தக்கது.

துகள் இயற்பியல் ஆய்வாளர் ஒருவருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. இது எப்படிச் சாத்தியம்?

சாத்தியம்தான்; அதில் மோசடி எதுவும் இல்லை. ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் போன்ற கூட்டாய்வுகளில் கருவியைக் கட்டியவர், இயக்கியவர், தரவைத் தரம்பார்த்தவர், பகுத்தவர் என எல்லாத் தகுதி பெற்ற உறுப்பினர்களும் அந்தக் கூட்டாய்வின் ஒவ்வொரு கட்டுரையிலும் ஆசிரியர்களாக இடம்பெறுவார்கள். 2012-இல் ஹிக்ஸ் துகளை அறிவித்த கட்டுரைகளில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ மூவாயிரம் ஆசிரியர்கள். 2015-இல் இரு கூட்டாய்வுகளும் சேர்ந்து ஹிக்ஸின் நிறையை வெளியிட்டபோது ஆசிரியர் எண்ணிக்கை 5,154. முப்பத்து மூன்று பக்கங்கள் கொண்ட அந்தக் கட்டுரையில் ஒன்பது பக்கங்களே ஆய்வு. மற்றவை ஆசிரியர்களும் அவர்களுடைய நிறுவனங்களும். ஈர்ப்பலையைக் கண்டறிந்ததை 2016-இல் அறிவித்த லைகோ-விர்கோ கூட்டாய்வுகளின் கட்டுரையிலும் ஆயிரம் பேர் வரை உள்ளனர்.

ஆகவே இத்தகைய ஒருவரின் எச்-குறியீடு 150 என்றிருந்தால், அந்த எண் கூட்டாய்வின் பெருமையைச் சொல்கிறதே தவிர அவருடைய பங்கைச் சொல்வதில்லை. அவரோடு அதே நாளில் சேர்ந்த எல்லோருக்கும் ஏறத்தாழ அதே எண் இருக்கும். அவருடைய பங்கை அறிய வேறு வழிகள் உண்டு. எந்தப் பகுப்பாய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார், உணர்கருவியின் எந்தப் பாகத்தைப் பொறுப்பேற்றுக் கட்டினார், கூட்டாய்வின் சார்பில் எந்த மாநாடுகளில் உரையாற்ற அனுப்பப்பட்டார், உள் அறிக்கைகளில் எவற்றை எழுதினார் என்று கேட்க வேண்டும். இன்ஸ்பயர் தளத்தில் பத்து அல்லது அதற்குக் குறைவான ஆசிரியர்களைக் கொண்ட கட்டுரைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி உள்ளது. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். வானியற்பியல் தரவு அமைப்பும் மேற்கோள்களை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டுகிறது.

எதிர்த்திசையிலும் ஓர் அநீதி நடக்கிறது. ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தே தீருவோம் என்று ஒரு குழு முடிவு செய்தால், பத்து ஆண்டுகள் சுரங்கத்துக்குள் உணர்கருவிக்குக் கம்பியிழுத்தவருடைய உழைப்பு மூவாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்தக் கருவி இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை.

முதல் ஆசிரியராக இருப்பது முக்கியமா?

துணைத்துறையைப் பொறுத்தது. செறிபொருள், ஒளியியல், பொருளறிவியல் சார்ந்த சோதனைக் கட்டுரைகளில் முதல் பெயர் வேலையை முன்னின்று செய்தவருடையது. கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது. துகள் இயற்பியலிலும் கோட்பாட்டின் பல கிளைகளிலும் பெயர்கள் அகரவரிசையில் வரும். அங்கே முதல் பெயருக்குரிய ஒரே தகுதி குடும்பப்பெயரின் முதலெழுத்துதான். இந்த மரபை அறியாமல் மதிப்பெண் போடும் விதிகள் பல நிறுவனங்களில் இன்னும் நடைமுறையில் உள்ளன என்பது வருத்தத்துக்குரியது.

இயற்பியலில் மிக அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எவை? ஐன்ஸ்டைன் அவற்றில் இருக்கிறாரா?

பலரும் வியப்படையும் இடம் இது. 2014-இல் நேச்சர் இதழ் வெப் ஆஃப் சயின்ஸின் தரவைக் கொண்டு எல்லாத் துறைகளிலும் மிகுதியாக மேற்கோள் பெற்ற நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடத்தில் இருந்தது கரைசலில் உள்ள புரதத்தை அளக்கும் முறையை விவரிக்கும் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை. அதற்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். பட்டியலில் நுழையவே 12,119 மேற்கோள்கள் தேவைப்பட்டன. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரை அதில் இல்லை.

இயற்பியலில் இருந்து அங்கே இடம் பிடித்தவை பெரும்பாலும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டைச் சேர்ந்தவை. திண்பொருளிலும் மூலக்கூறிலும் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் கணக்கிடும் முறை அது. பெர்டியூ, பர்க், எர்ன்சர்ஹோஃப் ஆகிய மூவரும் 1996-இல் ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் எழுதிய சில பக்கக் கட்டுரை இன்று ஒரு லட்சம் மேற்கோள்களைக் கடந்துவிட்டது. மின்கலம், வினையூக்கி, குறைகடத்தி, மருந்து என எதை ஆராய்பவராயினும் அந்தக் கணக்கீட்டை இயக்கினால் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டாக வேண்டும். பல துறையினரும் கையில் எடுக்கும் கருவியைத் தந்தவருக்கே மிகப்பெரிய எண்கள் கிடைக்கும் என்பது இதிலிருந்து விளங்கும். நோவோசெலோவும் கைமும் 2004-இல் கிராஃபீனைப் பற்றி எழுதியது போன்ற கண்டுபிடிப்புக் கட்டுரைகளும் பல்லாயிரம் மேற்கோள்களை எட்டியுள்ளன. ஆனால் அவை அரிது.

அடிப்படைக் கருத்துகளுக்கு நேர்வது வேறொன்று. ஒரு கருத்து எல்லோருடைய பாடநூலிலும் குடியேறிவிட்டால் அதன் மூலக் கட்டுரையை யாரும் குறிப்பிடுவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதை உள்வாங்கப்பட்டதால் ஏற்படும் மறைவு என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். ராமன் நிறமாலைமானி உலகின் வேதியியல் ஆய்வகங்களில் எங்கும் இருக்கிறது; அதன் அளவீட்டை வெளியிடுகிறவர்களில் ராமனின் 1928-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சான்றுப் பட்டியலில் சேர்ப்பவர் மிகச் சிலரே. கருவியின் பெயரிலேயே ராமன் இருக்கிறார், எண்ணிக்கையில் இல்லை.

அதிக மேற்கோள் பெற்ற முடிவு சரியானது என்று கொள்ளலாமா?

கூடாது. 2014 மார்ச்சில், தென்துருவத்தில் தொலைநோக்கி வைத்து ஆராய்ந்த பைசெப்2 குழு, பேரண்டத்தின் தொடக்க விரிவாக்கத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் தடயத்தைக் கண்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பிளாங்க் விண்கலக் குழுவோடு சேர்ந்து செய்த பகுப்பாய்வு, அந்தக் குறிகையை நம் பால்வெளியின் தூசியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று காட்டியது. அந்தக் கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உள்ளன. 2011-இல் நியூட்ரினோக்கள் ஒளியை முந்துவதாக ஓபரா குழு கூறியபோதும் விளக்கக் கட்டுரைகள் பொழிந்தன. சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழை இணைப்பு ஒன்றே பிழைக்கு முதன்மைக் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

இவற்றினும் தெளிவான எடுத்துக்காட்டு 2015 டிசம்பரில் அட்லஸும் சிஎம்எஸும் தங்கள் தரவு வரைபடத்தில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு அருகே கண்ட சிறு மேடு. புதிய துகளாக இருக்குமோ என்ற எதிர்பார்ப்பில் எட்டே மாதங்களில் சுமார் 500 கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் அந்த மேடு மறைந்தது. அது தற்செயலான ஏற்ற இறக்கம். அந்த ஐந்நூறு கட்டுரைகளும் ஒன்றையொன்று குறிப்பிட்டுக்கொண்டதால் முதல் வாரத்தில் எழுதியவர்கள் பலருக்கு நூற்றுக்கணக்கான மேற்கோள்கள் கிடைத்தன. அவர்களில் யாரும் தவறு செய்யவில்லை. இயற்கை என்ன சொல்லக்கூடும் என்று ஆராய்வதே கோட்பாட்டாளரின் வேலை. ஆனால் அந்த மேற்கோள்கள் அளந்தது விரைவையும் பரபரப்பையும்தான்.

மேற்கோள் குறைவாக இருந்தால் ஆய்வு மதிப்பற்றதா?

இதற்கு இயற்பியலின் வரலாறே விடை சொல்லும். ஸ்டீவன் வைன்பெர்க் மின்காந்த விசையையும் மென்விசையையும் ஒன்றிணைத்து 1967-இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையை முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய எவரும் கண்டுகொள்ளவில்லை. 1971-இல் ஜெரார்டு 'ட் ஹூஃப்ட் அத்தகைய கோட்பாடுகளில் முடிவிலிகளை ஒழுங்குபடுத்த முடியும் என்று நிறுவிய பிறகே மேற்கோள்கள் பெருகத் தொடங்கின. 1979-இல் நோபல் பரிசு வந்தது. 1970-இல் ஒரு குழு அந்தக் கட்டுரையை மேற்கோள் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட்டிருந்தால் அதற்குக் கிட்டத்தட்டச் சுழியமே கிடைத்திருக்கும்.

குவாண்டம் கோட்பாடு முழுமையற்றது என்று வாதிட்ட ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோரின் 1935-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் நீண்ட உறக்கம் உறங்கியது. குவாண்டம் தகவலியல் தழைத்த 1990-களில்தான் அதன் மேற்கோள்கள் செங்குத்தாக ஏறின. அதற்கு விடையாக ஜான் பெல் 1964-இல் எழுதிய கட்டுரை, சில ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த ஒரு சிற்றிதழில் வந்தது. அதில் வந்த பெல்லின் சமனின்மையைச் சோதித்தவர்கள் 2022-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஹிக்ஸ் துகளை முன்கணித்த பீட்டர் ஹிக்ஸ் 1964-க்குப் பிறகு பத்துக்கும் குறைவான கட்டுரைகளையே வெளியிட்டார். இன்றைய பல்கலைக்கழகச் சூழலில் தமக்கு வேலையே கிடைத்திருக்காது என்ற கருத்தை, நோபல் பரிசு பெற்ற 2013-ஆம் ஆண்டில் அவர் வெளிப்படுத்தினார்.

இந்த எடுத்துக்காட்டுகளைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளவும் கூடாது. மேற்கோள் பெறாத கட்டுரைகளில் பெரும்பாலானவை உறங்கும் மாணிக்கங்கள் அல்ல. குறைந்த எண்ணிக்கை எதையும் நிறுவுவதில்லை என்பதே இங்கே சொல்ல வருவது. கட்டுரையைத் திறந்து படித்தால் தவிர எது எந்த வகை என்று தெரியாது.

ஆய்விதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் தரமாகக் கொள்ளலாமா?

இம்பாக்ட் ஃபேக்டர் என்று பரவலாக அறியப்படும் தாக்கக் காரணி இதழுக்குரிய சராசரி. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. சில கட்டுரைகள் மேற்கோள்களை அள்ள, பெரும்பாலானவை சராசரிக்குக் கீழே கிடக்கும் பரவலில் சராசரி என்பது எந்தத் தனிக் கட்டுரையைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.

படிகவியல் இதழான ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ-யின் கதையை இதற்காகவே நினைவில் வைக்கலாம். அதன் தாக்கக் காரணி 2008-இல் சுமார் 2 ஆக இருந்து, 2009-இல் ஏறத்தாழ 50 ஆனது. நேச்சரையும் அது அந்த ஆண்டு முந்தியது. இதழின் மற்ற கட்டுரைகளில் எந்த மாற்றமும் இல்லை. படிக அமைப்பைத் தீர்க்கும் ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை ஜார்ஜ் ஷெல்ட்ரிக் அதில் எழுதியிருந்தார், மென்பொருளைப் பயன்படுத்திய அனைவரும் அந்த ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். அந்த ஆண்டு அதே இதழில் எழுதிய மற்றவர்கள் தங்கள் விண்ணப்பங்களில் "தாக்கக் காரணி 50" என்று எழுதிக்கொள்ள விதிகள் இடம் தந்தன.

சுயமேற்கோள் குற்றமா?

இல்லை. ஒரே சிக்கலைத் தொடர்ந்து ஆராய்பவர் தம் முந்தைய முடிவுகளைக் குறிப்பிடாமல் எழுத முடியாது. அளவு மீறும்போதுதான் ஐயம் எழுகிறது. இன்ஸ்பயர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகியவற்றில் சுயமேற்கோள்களை நீக்கிப் பார்க்கலாம். நீக்கியதும் எண் பாதியாகச் சரிந்தால் காரணத்தைக் கேட்பது நியாயம்.

நீண்ட பட்டியலும் பெரிய இதழ்களும் இருந்தால் நம்பலாம் அல்லவா?

பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய யான் ஹென்ரிக் ஷோன் 2001-இல் சராசரியாக எட்டு நாள்களுக்கு ஒரு கட்டுரையில் ஆசிரியராக இருந்தார். சயின்ஸ், நேச்சர் ஆகிய இதழ்களில் அடுத்தடுத்து வெளியிட்டார். வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல்கூட ஒரே மாதிரியாக இருப்பதைச் சிலர் உற்றுக் கவனித்த பிறகு விசாரணை நடந்தது. 2002-இல் வந்த அறிக்கை, விசாரித்த 24 குற்றச்சாட்டுகளில் 16-இல் முறைகேடு நடந்ததாகக் கண்டது. சயின்ஸ் எட்டுக் கட்டுரைகளையும் நேச்சர் ஏழு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றன. அவருடைய எண்கள் அனைத்தும் பொய் வெளிப்பட்ட நாள் வரை மிகச் சிறப்பாகவே இருந்தன. வரைபடங்களைக் கண்ணால் பார்த்தவர்களே பிழையைக் கண்டார்கள்.

ஆர்க்கைவ் முன்பதிப்பை வெளியீடாகக் கருதலாமா?

பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸில் தொடங்கி, இப்போது கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் ஆர்க்கைவ் என்னும் இணைய முன்பதிப்புக் களஞ்சியம், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது. கோட்பாட்டு இயற்பியலில் பலரும் ஆய்விதழைத் திறப்பதே இல்லை. காலையில் ஆர்க்கைவ் பட்டியலைப் படிக்கிறார்கள், அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆயினும் அது மதிப்பாய்வைக் கடந்தது அன்று. பட்டியலில் சேர்க்கலாம், "முன்பதிப்பு" என்று தெளிவாகக் குறிக்க வேண்டும்.

என் பெயரில் இன்னும் பலர் எழுதுகிறார்கள். மேற்கோள்கள் கலந்துவிடாமல் இருக்க என்ன செய்வது?

2012 முதல் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் ஆர்சிட் அடையாள எண்ணைப் பெறுங்கள். பதினாறு இலக்கம் கொண்டது, கட்டணமில்லை, நிறுவனம் மாறினாலும் மாறாது. முதல் கட்டுரையிலிருந்தே பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில், முன்னெழுத்துகளை ஒரே வரிசையில் எழுதுங்கள். கூகுள் ஸ்காலர் தன்னியக்கமாகச் சேர்க்கும் கட்டுரைகளில் பிறருடையவை இருந்தால் நீக்கிவிடுங்கள். பிறர் கட்டுரையால் உயர்ந்த எண்ணைத் தெரிந்தே விட்டுவைப்பது நேர்மையாகாது.

மென்பொருளும் தரவும் கணக்கில் வருமா?

வர வேண்டும், இப்போது அரைகுறையாகவே வருகின்றன. துகள்கள் பொருளினூடே செல்வதைப் போலச்செய்யும் ஜியன்ட்4 மென்பொருளைப் பற்றிய 2003-ஆம் ஆண்டுக் கட்டுரை பல ஆயிரம் மேற்கோள்களைப் பெற்றுள்ளது. துகள் முடுக்கி முதல் புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சை வரை அது பயன்படுகிறது. மேற்கோளுக்கென ஒரு கட்டுரை எழுதப்பட்டதால்தான் அந்த உழைப்பு எண்ணிக்கையில் ஏறியது. அப்படி எழுதாத மென்பொருளாளர்கள் கட்டுரைகளின் நன்றியுரையோடு நின்றுவிடுகிறார்கள்.

தேர்வுக் குழு ஓர் இயற்பியலாளரின் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும்?

ஆய்வு மதிப்பீடு குறித்து 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ சாற்றுரை, தனிமனிதரின் ஆய்வை எடைபோட இதழ்களின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. 2015-இல் வந்த லெய்டன் அறிக்கையின் பத்து நெறிகளில் முதலாவது, எண்கள் வல்லுநரின் தீர்ப்புக்குத் துணைநிற்க வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது. பல நிறுவனங்கள் சான் பிரான்சிஸ்கோ சாற்றுரையில் கையொப்பமிட்டுள்ளன. கையொப்பமிட்ட பிறகும் விண்ணப்பப் படிவத்தில் எச்-குறியீட்டுக்குக் கட்டம் வைத்திருப்பவையும் உண்டு.

விண்ணப்பதாரரிடம் அவர் மிக முக்கியமாகக் கருதும் மூன்று அல்லது நான்கு கட்டுரைகளையும், ஒவ்வொன்றிலும் அவர் செய்த வேலை என்ன என்பதைப் பற்றி ஒரு பத்தியையும் கேளுங்கள். அவற்றைக் குழுவில் ஒருவராவது முழுமையாகப் படிக்க வேண்டும். பிறகு அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவற்றில் பத்தை எடுத்து, குறிப்பிட்ட வாக்கியத்தைத் தேடிப் படியுங்கள். "இவர்களின் முறையைக் கையாண்டோம்", "இவர்களின் முடிவு எங்கள் அளவீட்டோடு பொருந்தவில்லை", "இத்துறை அண்மையில் கவனம் பெற்றுள்ளது" ஆகிய மூன்றும் மூன்று வேறு செய்திகள். ஒரு விண்ணப்பதாரருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். முப்பது ஆண்டுகள் உடன் பணியாற்றப் போகிறவருக்கு அது அதிகமான நேரம் அன்று.

முனைவர் பட்டத்துக்கு நெறியாளரைத் தேடுகிறேன். இந்த எண்கள் எனக்கு உதவுமா?

ஓரளவு உதவும். கடந்த ஐந்து ஆண்டுகளில் அவர் எழுதிக்கொண்டிருக்கிறாரா என்பது பட்டியலில் தெரியும். மொத்த மேற்கோள்கள் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே கட்டுரையிலிருந்து வருகின்றனவா என்பதும் தெரியும். ஆனால் நீங்கள் தேட வேண்டிய செய்தி அவருடைய எச்-குறியீட்டில் இல்லை. அவரிடம் பட்டம் பெற்ற மாணவர்களின் பெயர்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவரின் பட்டியலையும் தனியே திறந்து பாருங்கள். அவரோடு எழுதிய கட்டுரைகளில் மாணவர்களுக்கு உரிய இடம் கிடைத்திருக்கிறதா, எத்தனை ஆண்டுகளில் பட்டம் பெற்றார்கள், அவரைப் பிரிந்த பிறகு சொந்தமாக ஒரு சிக்கலை எடுத்து எழுதினார்களா என்று பாருங்கள். முடிந்தால் அவர்களில் இருவருக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். பாதியில் விட்டுச் சென்றவர் ஒருவர் இருந்தால் அவருக்கும் எழுதுங்கள்.